அணைய மறுத்த சர்வர்

பதினோரு நிமிடமாகிவிட்டது, இன்னும் அணையவில்லை. ஆகட்டும். இன்னும் பதினோரு நிமிடம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், செண்பகவல்லிக்கு அதனால் ஒன்றும் கை கால் உதறவில்லை. உதறுகிற ஆளாக இருந்தால் கோவில்பட்டியில் இந்த அறுபது படுக்கை ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்கள் அத்தனையையும் பன்னிரண்டு வருஷமாகத் தனியொருத்தியாகக் கட்டி மேய்த்திருக்க முடியுமா. வருஷம் முழுக்க ராத்திரி பகல் பாராமல் ஓடுகிற சர்வர் இது, ஆயுத பூஜை ஒரு நாள்தான் அதற்கு ஓய்வு. ஓடுகிற மிஷினுக்குப் பொட்டு வைக்கக் கூடாது என்பது இங்கே சட்டம். காலை டயாலிசிஸ் ஷிப்டு முடிந்து அடுத்த ஷிப்டு இரண்டு மணிக்குத் தொடங்குவதற்குள் கிடைக்கிற இடைவெளியில் அதை அணைத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, மறுபடி எழுப்பிவிட வேண்டும். போன வருஷம் இருபத்தைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்து அவள் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தாள். இந்த வருஷம் அணைந்துகொள் என்று கட்டளை கொடுத்ததும் திரை கறுத்தது, வரிகள் ஓடின, இதை நிறுத்தினேன் அதை நிறுத்தினேன் என்று ஒவ்வொன்றாகப் பச்சை எழுத்தில் ஒப்பித்துக்கொண்டே வந்த சர்வர் ஒரு வரியில் வந்து அப்படியே நின்றுகொண்டது. ஆஸ்பத்திரி மென்பொருள் நிற்பதற்காகக் காத்திருக்கிறேன் என்கிறது அந்த வரி. வரியின் தலைமாட்டில் மூன்று சிவப்பு நட்சத்திரங்கள் வலமும் இடமுமாக நடக்கின்றன. வரியின் கால்மாட்டில், கழிந்த நேரம் பதினோரு நிமிடம் நாற்பது விநாடி, ஒரு கோடு, அதற்குப் பிறகு வரம்பு இல்லை. பன்னிரண்டு ஆனது. வரம்பு இல்லை. அந்த இரண்டு சொல்லை மட்டும் அவள் சரியாகப் பார்க்காமல் மேலே உள்ள நட்சத்திரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறை சின்னது. முன்னே எக்ஸ்ரே பிலிம் அடுக்கி வைத்திருந்த அறை, அந்த மருந்து வாடை இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை, இன்று அதோடு சந்தனமும் பொரிகடலையும் கதம்பமும் சேர்ந்துகொண்டன. நாற்காலியில் தாம்பாளம் தயார். குழைத்து வைத்த சந்தனம் ஏசிக் காற்றில் ஓரம் காய ஆரம்பித்துவிட்டது. சூடம் ஏற்றினால் கூரையில் இருக்கிற புகைக் கருவி கத்தும் என்பதால் அதற்கு ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டி ரப்பர் பேண்டு போட்டிருக்கிறாள், வருஷா வருஷம் அவளே மாட்டி, பூஜை முடிந்ததும் அவளே கழற்றுவாள். வீட்டுக்காரர் வண்டிச் சாவியை மறப்பார், மகள் டிபன் டப்பாவை மறப்பாள், செண்பகவல்லி எதையும் மறந்ததாகச் சரித்திரம் கிடையாது. இன்று காலையிலிருந்தே ஒரு சீட்டில் எழுதி ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டுதான் வருகிறாள், ரிசப்ஷன் கம்ப்யூட்டர், மருந்துக் கடை, லேப், மேல்மாடி, எல்லாவற்றுக்கும் டிக், கடைசியில் சர்வர். கதவு திறந்தது. சௌந்தரம் மேடம், பெரிய டாக்டரின் மனைவி. நிர்வாகம் முழுக்க அவர் கையில். பட்டுச் சேலைக்கு மேல் ஒரு பழைய துண்டைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து ஸ்டெதாஸ்கோப் முதல் ஆம்புலன்ஸ் வரை பொட்டு வைத்து வருகிறார், விரல் முழுக்கக் குங்குமம்.

"என்ன செண்பகம், முடிஞ்சிட்டா?"

"இல்ல மேடம். அணையாம நிக்கி."

"இன்னைக்கு வியாழக்கிழமை, ஒன்றரைக்கு ராகுகாலம் வந்துரும். அதுக்குள்ள பொட்டு வச்சாகணும். ஓரமா சின்னதா ஒண்ணு வச்சிட்டாத்தான் என்ன?"

"ஓடுத மிஷினுக்கு வைக்கக் கூடாதுன்னு நீங்கதான மேடம் சொல்லுவீக."

"அது சரிதான்." மேடம் சட்டத்தை நினைத்து ஒரு நிமிடம் வருத்தப்பட்டார். "ரெண்டு மணிக்கு டயாலிசிஸ் ஆளுக வந்துருவாக, பாத்துக்கோ. சீட்டுல எழுதி வைக்கிற பழக்கத்தையும் இந்த வருஷத்தோட விட்டாச்சு. எல்லாம் இதுக்குள்ளதான் கெடக்கு."

எல்லாம் இதற்குள்தான். அவளுக்குத் தெரியாதா. கதவு மூடியது, மணி ஒன்று ஐந்து, நட்சத்திரங்கள் இடமிருந்து வலம். காலையில் வந்த எட்டுப் பேரின் அளவுகள் இதற்குள், மதியம் வரப்போகிற எட்டுப் பேரின் டிரை வெயிட் இதற்குள். சேர்ந்த நீரையெல்லாம் எடுத்த பிறகு உடம்பு எத்தனை கிலோ இருக்க வேண்டுமோ அதுதான் டிரை வெயிட், அந்த எண்ணைப் பார்த்துத்தான் மிஷின் எவ்வளவு நீரை உறிஞ்ச வேண்டும் என்று வைப்பார்கள். எண் ஒன்றரை கிலோ தப்பினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிகிற அளவுக்கு டாக்டருக்கே தெரியுமோ என்னவோ. சரி, அதை இப்போது நினைக்க வேண்டாம். நவநீதனுக்குப் போன் போட்டாள். மென்பொருள் கம்பெனி ஆள், சென்னை, ஆறு வருஷமாகக் குரல்தான் பழக்கம், முகம் பார்த்ததில்லை. "மேடம், ஆயுத பூஜையும் அதுவுமா..." என்று எடுத்தார், பின்னால் எண்ணெயில் என்னவோ பொரிகிற சத்தம், வடையாகத்தான் இருக்கும். சொன்னாள். "அவ்ளோதானே, பவர் பட்டனை அஞ்சு செகண்ட் அமுக்கிப் பிடிங்க, ஆஃப் ஆயிடும்." "டேட்டாபேஸ் இன்னும் மூடலியே." "மேடம், நூறு தடவை அமுக்கினா தொண்ணூத்தொம்பது தடவை ஒண்ணும் ஆகாது. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க." அந்த மிச்சம் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன் தம்பி என்று வாய் வரை வந்தது. "சரி, நான் பாத்துக்கிடுதேன், நீங்க வடையப் பாருங்க" என்று வைத்துவிட்டாள்.

பட்டன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஒரு ரூபாய்க் காசு அளவு, நடுவில் பச்சை வெளிச்சம். ஐந்து விநாடி. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடிப்பதற்குள் உள்ளே ஓடுகிற காற்றாடிச் சத்தம் சட்டென்று நின்று அறை காதை அடைக்கிற மாதிரி அமைதியாகிவிடும், அந்த அமைதி அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. மூன்று வருஷம் முன்பு, புயல் மழை, கரண்டு போய் ஜெனரேட்டரும் மக்கர் செய்து, பேட்டரி கீச்கீச்சென்று கத்திக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், இதே மாதிரி அணைகிறேன் அணைகிறேன் என்று இழுத்துக்கொண்டிருந்த சர்வரை அவள் பொறுமை இழந்து அமுக்கினாள். பேட்டரி இன்னும் நாலு நிமிடம் தாங்கியிருக்கும், அதைப் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தாள். மறுநாள் எழுப்பினால் டேட்டாபேஸ் உடைந்து கிடந்தது. ஒரு வாரத்துக்கு முந்தின நகல் இருந்தது, அதை எடுத்துப் போட்டாள், நடுவில் விட்டுப்போன ஒரு வாரத்தை நர்சுகளோடு உட்கார்ந்து சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து அடித்தாள், எல்லாரும் செண்பகம் இல்லையென்றால் ஆஸ்பத்திரியே இல்லை என்றார்கள், அவளும் ஆமாம் என்று நினைத்துக்கொண்டாள். எல்லாச் சீட்டும் அடித்தாகிவிட்டது என்றுதான் நினைத்தாள். அய்யாத்துரையின் சீட்டு ஒன்று மட்டும் எந்த மேஜைக்கு அடியில் போனதோ. தீப்பெட்டி ஆபீஸில் முப்பது வருஷம் குச்சிக்கு மருந்து முக்கினவர் அய்யாத்துரை, செவ்வாய் வியாழன் சனி இரண்டு மணி ஷிப்டு, கடைசிக் கட்டில். அந்த வாரம்தான் உடம்பு கொஞ்சம் தேறி அவருடைய டிரை வெயிட்டை ஐம்பத்திரண்டிலிருந்து ஐம்பத்து மூன்றரையாக டாக்டர் கூட்டியிருந்தார். பழைய நகலில் ஐம்பத்திரண்டு. மிஷின் ஒன்றரை லிட்டர் கூடுதலாக இழுத்தது. கெண்டைக்கால் சதை பிடித்து அவர் கத்தினது இந்த அறை வரை கேட்டது. பிறகு கத்தல் நின்றது, கண் சொருகி, பிரஷர் இறங்கி, ஓடினார்கள், பாட்டில் ஏற்றினார்கள், ராத்திரி முழுக்க வைத்திருந்து மறுநாள் அனுப்பினார்கள். பிரஷர் இறங்கிவிட்டது என்று எழுதினார் டாக்டர். டயாலிசிஸில் அப்படி நடப்பதுதான், ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் பைலைத் திறந்து பார்த்த ஒரே ஆள் அவள். ஐம்பத்திரண்டை அழித்து ஐம்பத்து மூன்றரை என்று அடித்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது, ஆள் பிழைத்துவிட்டார், எண் சரியாகிவிட்டது, சொன்னால் வேலைதான் போகும். இதை மூன்று வருஷத்தில் எத்தனை தடவை தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருப்பாள். ஒரு தடவைகூட நிம்மதியாக இருந்ததில்லை.

வரம்பு இல்லை. அது அவள் எழுதினது. அந்த வாரமே உட்கார்ந்து எழுதினாள். வழக்கமாக ஒரு வேலை ஒன்றரை நிமிடத்துக்குள் நிற்காவிட்டால் சர்வர் அதன் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு அணைந்துகொள்ளும். அவசரப்படாதே, ஆஸ்பத்திரி மென்பொருள் தானாக மூடுகிற வரைக்கும் எவ்வளவு நேரமானாலும் இரு என்று அவள்தான் அதற்குச் சொல்லி வைத்தாள். சொன்னதைத்தான் அது செய்கிறது, அதைத் திட்ட வழியில்லை. பதினாறு நிமிடம். அமுக்க மாட்டேன். மேடம் வந்து நின்றாலும் மாட்டேன், ராகுகாலம் வந்து நின்றாலும் மாட்டேன், அய்யாத்துரை வந்து எடை மிஷினில் ஏறி நின்றால், அப்போது? அப்போதும் மாட்டேன். ஆனால் அவர் உட்கார்ந்திருப்பார், மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு, கால் வீங்கி, தாயி எப்பத் தாயி ஆரம்பிப்பாக என்று கேட்பார். அவளைத் தாயி என்றுதான் கூப்பிடுவார். எம் பேரக் கம்ப்யூட்டர்ல பத்திரமா வச்சிருக்கியா தாயி என்று ஒவ்வொரு வாரமும் ஒரே கேலி, அவரும் சிரிப்பார், அவளும் சிரிப்பாள், பிறகு அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்வாள். சீ, வேலையைப் பார். பயப்படுகிற நேரமா இது. பயம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், கண்ணுக்கு எதிரே என்ன இருக்கிறதோ அதைப் பார்க்க வேண்டும். என்ன இருக்கிறது. சர்வரின் முகத்தில் மூன்று விளக்கு. பவர் எரிகிறது. டிஸ்க் விளக்கு எரியவில்லை. எரியவே இல்லை. கண் கொட்டாமல் ஒரு நிமிடம் பார்த்தாள், ஒரு மினுக்குக்கூட இல்லை. அப்படியென்றால் உள்ளே ஒரு வேலையும் நடக்கவில்லை. எழுதிக்கொண்டோ படித்துக்கொண்டோ இருந்தால் டிஸ்க் துடிக்கும், இது கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கிறது. மென்பொருள் மூடாமல் அடம் பிடிக்கவில்லை, பாவம் நவநீதன், அவர் பேரில் பழியில்லை. இது யாருக்கோ காத்திருக்கிறது.

அவளுக்குத் தெம்பு வந்துவிட்டது. என்ன கோளாறு என்று தெரியாவிட்டாலும் எங்கே என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. மண்டி போட்டு, சேலையைச் செருகிக்கொண்டு, சர்வரின் முதுகுப் பக்கம் தலையை விட்டாள். ஒட்டடை ஒன்று முகத்தில் பட்டது, தட்டிவிட்டாள். நெட்வொர்க் கேபிள் சொருகின இடத்தில் சின்ன மஞ்சள் விளக்கு ஒரு தடவை மினுக்கியது. அணைந்தது. எண்ணினாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒரு மினுக்கு. வெளியே யாரையோ கூப்பிடுகிறது, பதில் இல்லை, கொஞ்சம் பொறுத்து மறுபடி கூப்பிடுகிறது. ஆஸ்பத்திரி முழுக்க எல்லாக் கம்ப்யூட்டரும் அணைந்து பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நாளில் இது யாரைக் கூப்பிடுகிறது. ரிசப்ஷனை இது கூப்பிடாது, ரிசப்ஷன்தான் இதைக் கூப்பிடும். லேப் அப்படித்தான், மருந்துக் கடை அப்படித்தான். இதுவாகப் போய்க் கூப்பிடுகிற ஆள் ஒன்றே ஒன்று, மேல்மாடி ரெக்கார்டு ரூமில் இருக்கிற பேக்கப் பெட்டி. நாளைக்கு இங்கே தீப்பிடித்தாலும் அங்கே ஒரு நகல் இருக்கட்டும் என்று தை மாசம் அவளே மேடத்திடம் மல்லுக்கட்டி வாங்கி வைத்தது. மென்பொருள் மூடுவதற்கு முன்னால் அன்றைய நகலை அதில் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் மூட வேண்டும் என்று பத்து வரி எழுதினதும் அவள்தான். எழுதினாள், ஓட்டிப் பார்க்கவில்லை, ஓட்டிப் பார்க்க சர்வரை அணைக்க வேண்டும், அணைக்கிற நாள் வருஷத்தில் இன்று ஒன்றுதான், எழுதினது செண்பகவல்லி ஆயிற்றே, ஓடாமல் எங்கே போகும். யாரோ அந்தப் பெட்டியை அணைத்திருக்கிறார்கள். எந்தக் கடன்காரன், பிளம்பரா, கூட்டுகிற ஆளா, என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தவள் அப்படியே நின்றாள். தாம்பாளத்துக்குப் பக்கத்தில் அவள் சீட்டு கிடந்தது. ரிசப்ஷன் டிக், மருந்துக் கடை டிக், லேப் டிக், மேல்மாடி டிக். காலை பதினோரு மணிக்கு மேல்மாடிக்குப் போனது அவள். பெட்டியின் சுவிட்சை அணைத்தது அவள். ஓடுகிற மிஷினுக்குப் பொட்டு வைக்கக் கூடாதே. புது மிஷின், முதல் பூஜை என்று ஈரத் துணியால் ஆசையாகத் துடைத்து, நடுவில் பெரிதாகவே ஒரு பொட்டு வைத்து, ஒரு துண்டு கதம்பமும் சாத்திவிட்டு, டிக் அடித்துக்கொண்டு இறங்கி வந்தவள் அவளேதான். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்புக்கு அடியில் வெட்கம், அதற்கும் அடியில் வேறொன்று, அதைப் பார்க்க நேரமில்லை.

மாடிப்படி இருபத்திரண்டு. இரண்டிரண்டாக ஏறினாள், நாற்பத்திரண்டு வயசில் முட்டி வலித்தது, வலிக்கட்டும். ரெக்கார்டு ரூமில் பெட்டி பொட்டும் பூவுமாகச் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. சுவிட்சைப் போட்டாள். உயிர் வந்து, முனகி, ஒவ்வொரு விளக்காக ஏற்றிக்கொள்ள நாலு நிமிடம் எடுத்துக்கொண்டது, அந்த நாலு நிமிடமும் அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். அமுக்கவில்லை. அமுக்கியிருந்தால் தப்பித்திருக்கலாம்கூட, தொண்ணூற்றொன்பது தடவையில் ஒன்றாக. ஆனால் அமுக்கவில்லை, அது நல்லது, மிகவும் நல்லது, மூன்று வருஷத்தில் அவள் செய்த நல்ல காரியம் இது ஒன்றுதானோ என்று தோன்றியது, உடனே அது கொஞ்சம் அதிகம் என்றும் தோன்றியது. கீழே வந்தபோது டிஸ்க் விளக்கு படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது. நட்சத்திரங்கள் இன்னும் மூன்று நடை நடந்தன. வரி பச்சையானது. நிறுத்தினேன். திரை கறுத்தது, காற்றாடி நின்றது, தானாக. மணி ஒன்று இருபத்து மூன்று. மேடம் துண்டை உதறிக்கொண்டு ஓடி வந்தார், சந்தனத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, ராகுகாலத்துக்கு மூன்று நிமிடம் மிச்சம் வைத்துப் பூஜையை முடித்தார். செண்பகவல்லி கும்பிட்டாள், பிளாஸ்டிக் பையைக் கழற்றினாள், பட்டனைத் தட்டினாள். எழுந்தது. காலையில் வந்த எட்டுப் பேரும் உள்ளே பத்திரமாக இருந்தார்கள்.

"என்ன கோளாறாம், கம்பெனிக்காரனா?" என்றார் மேடம், பொரிகடலையை அவள் கையில் கொட்டிக்கொண்டே.

"இல்ல மேடம். நான்தான். மேல உள்ள பெட்டிய முன்னாடியே அணைச்சிட்டேன். கடைசியா அணைச்சிருக்கணும்."

"நீயா?" மேடம் ஒரு நிமிடம் அவளை உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பரவால்ல போ, நீயும் மனுஷிதான். அடுத்த வருஷம் மாத்தி எழுதி வையி."

இவ்வளவுதானா. நான்தான் என்று நாலு எழுத்தைக் கூட்டிச் சொல்வதற்கு நாக்கு இவ்வளவு எளிதாகப் புரண்டுவிட்டதே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. சொல்லி முடித்த வாயை மூடுவதற்குள் போய்விட வேண்டும், மூடினால் பிறகு திறக்காது, அவளுக்கு அவளைத் தெரியும். பொரிகடலையை மேஜையில் வைத்துவிட்டு நேரே டயாலிசிஸ் வார்டுக்கு நடந்தாள். அய்யாத்துரை எடை மிஷினிலிருந்து இறங்கிக் கடைசிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் அவருக்கும் ஒரு குங்குமப் பொட்டு, போகிற போக்கில் மேடம் வைத்திருப்பார். டெக்னீஷியன் பேச்சிமுத்து ஊசிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"வா தாயி. எம் பேரு பத்திரமா இருக்கா?"

"அய்யா, மூணு வருசத்துக்கு முன்ன ஒரு நாளு மிஷின்ல இருக்கும்போதே மயங்கிட்டீகள்ல."

"ஆமா. செத்துப் பொழச்சேன்."

"அது என்னாலதான்யா. கம்ப்யூட்டர்ல ஒங்க எடையத் தப்பா விட்டுட்டேன். அதான் மிஷின் தண்ணிய அதிகமா இழுத்துட்டு. அன்னைக்கே எனக்குத் தெரியும். யாருகிட்டயும் சொல்லல. ஒங்ககிட்டயும் சொல்லல."

பேச்சிமுத்துவின் கை நின்றது. அய்யாத்துரை அவள் சொன்னதை மெதுவாக வாங்கிக்கொண்டார். கோபப்படுவார் என்று எத்தனையோ தடவை அவள் ஒத்திகை பார்த்திருக்கிறாள், என்ன பதில் சொல்வது என்றுகூட வைத்திருக்கிறாள். அவர் முகத்தில் கோபம் வரவில்லை, குழப்பம்தான் வந்தது.

"அப்ப டீ இல்லயா?"

"எந்த டீ?"

"அன்னைக்கு வரும்போது பஸ் ஸ்டாண்டுல ரெண்டு கிளாஸ் டீ குடிச்சிட்டு வந்தேன் தாயி. தண்ணி அளவாத்தான் குடிக்கணும்னு சொல்லிருக்காகளே, ஆச அடங்கல, ஒண்ணுக்கு ரெண்டாக் குடிச்சிட்டேன். அதான் தூக்கிப் போட்டுட்டுன்னு நெனச்சேன். வீட்டுல சொன்னா வைவா, டாக்டர்கிட்டயும் சொல்லல. அன்னைக்கு விட்டவன்தான். இன்ன வரைக்கும் ஒரு சொட்டு டீ வாயில வைக்கல." அவர் இருமினார். "தீப்பெட்டி ஆபீசுல நாளைக்கு எட்டு டீ குடிச்ச ஆளு நானு."

செண்பகவல்லி கட்டில் பக்கத்துக் கம்ப்யூட்டரில் அவர் பைலைத் திறந்தாள், கைக்குத் தெரிந்த வேலை அதுதான். டிரை வெயிட் சரியாக இருந்தது. அதற்குக் கீழே ஒரு நாளைக்குக் குடிக்கக்கூடிய அளவு, முக்கால் லிட்டர், மூன்று வருஷமாக மாறாமல்.

"தெனம் ஒரு கிளாஸ் குடிக்கலாம்யா. இந்த அளவுக்குள்ள அடங்கும்."

"நெசமாவா?"

"நெசந்தான்." பொய் சொல்ல இனி அவளால் முடியாது. "மூணு வருசமாவே குடிச்சிருக்கலாம்."

பேச்சிமுத்து கையை நீட்டச் சொன்னார். அய்யாத்துரை நீட்டினார். ஊசி குத்தும்போது எப்போதும் ஊசியையே பார்த்துக்கொண்டு கேலி பேசுகிறவர், இன்று சுவர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.